புனைகதைக் கலையும் பயிற்சி நூல்களும்

இசை பயில விழைவோன் ஆசானை நாடுகின்றான். சிற்பம் பயில விழைவோன் பட்டறையிற் புகுந்து உளி பிடிக்கின்றான். செய்யுள் இயற்ற விழைவோனுக்கு யாப்பருங்கலக்காரிகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. கதை எழுத விழைவோன் எங்கே செல்வது? பழந்தமிழ் இலக்கண நூலார் உரைநடையை அறியாதவரல்லர். தொல்காப்பியர் செய்யுளியலிலே உரை நான்கு வகைப்படும் என வகுத்துள்ளார். ஆயினும் இன்று நாவல் என்றும் சிறுகதை என்றும் வழங்கும் வடிவங்கள் மேனாட்டிலிருந்து வந்தவை. அவற்றை ஆக்கும் முறை பற்றிய ஆராய்ச்சியும் அங்கேயே முதலில் எழுந்தது. அவ்வாராய்ச்சி நூல்களுள் எழுதுவோனுக்கு உண்மையிற் கைகொடுப்பவை எவை, கைகொடுப்பன போலத் தோன்றிக் கையைக் கட்டுபவை எவை என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும். இவ்வேறுபாட்டைக் காணாது, கிடைத்த நூலையெல்லாம் விதிநூலாகக் கொள்வதனால் இளம் எழுத்தாளர்க்கு நேரும் கேடு சிறிதன்று.

1884ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 25ஆம் நாள் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் வோல்ரர் பெசன்ற் என்னும் நாவலாசிரியர் 'புனைகதைக் கலை' என்னும் பொருள் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஓவியமும் இசையும் போலப் புனைகதையும் ஒரு கலையே. அவற்றுக்கு விதிகள் உளவாதல் போல இதற்கும் உள. அவ்விதிகளைக் கற்பிக்கவும் இயலும் என்பது அவர் கொண்ட முடிபு. அதே ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவரும் அவரே. கதை எழுதுதலை மதிப்பும் ஊதியமும் உள்ள தொழிலாக்க வேண்டும் என்ற அவருடைய ஆர்வம் போற்றத்தக்கது. விதிகளோ அத்துணைச் சிறப்புடையனவல்ல. அமைதியான ஊரொன்றில் வளர்ந்த இளம்பெண் படைவீரரின் பாசறை வாழ்க்கையை எழுதப் புகுதல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று.

அவ்வாண்டு செப்டெம்பரில் 'லோங்மன்ஸ்' சஞ்சிகையிலே ஹென்றி ஜேம்ஸ் அதே தலைப்பில் மறுமொழி எழுதினார். அனுபவம் என்பது யாது என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ஒருவர் பாரிஸ் நகரில் மாடிப்படி ஏறிச் செல்கையில், திறந்திருந்த கதவினூடே ஒரு புரட்டஸ்தாந்து போதகரின் வீட்டில் இளைஞர் சிலர் உணவு முடித்து மேசையைச் சுற்றி அமர்ந்திருந்ததைக் கண்டார். கண்டது ஒரு கணமே. அக்கணத்திலிருந்து அச்சமூகத்தின் இளைஞர் வாழ்க்கையை மெய்யாகத் தோன்றும்படி ஒரு கதையில் அவர் படைத்துவிட்டார். காணாததைக் கண்டதிலிருந்து உய்த்துணரும் ஆற்றல் உள்ளோனுக்கு மாடிப்படியிற் கழிந்த ஒரு கணமும் அனுபவமே என்பது ஜேம்ஸின் வாதம். திசெம்பரில் றொபேட் லூயி ஸ்ரீவன்சன் இருவருக்கும் இடையிற் புகுந்து, கலை வாழ்க்கையோடு போட்டியிடுவதன்று, எல்லையற்றதும் ஒழுங்கற்றதுமான வாழ்க்கையிலிருந்து எல்லையுள்ள ஒன்றை வெட்டியெடுப்பதே என்று உரைத்தார். எட்டு மாதங்களுக்குள் எழுந்த இம்மூன்று குரல்களையும் பின்வந்த நூல்களிற் பெரும்பாலானவற்றில் மாறி மாறிக் கேட்கலாம். பெசன்றின் குரலே உரத்துக் கேட்பது. இன்றும் சந்தையில் மிகுதியாக விற்பது அதுவே.

ஜேம்ஸ் தம் முதுமையில், 1907 முதல் 1909 வரை வெளிவந்த நியூயோர்க் பதிப்பின் 24 தொகுதிகளுக்கு 18 முன்னுரைகள் எழுதினார். 1934இல் ஆர். பி. பிளக்மர் அவற்றைத் திரட்டி 'நாவற்கலை' என்னும் பெயரில் ஒரே நூலாக வெளியிட்டார். ஒரு பெரும் நாவலாசிரியர் தம் கதைகள் ஒவ்வொன்றும் எவ்வித்திலிருந்து முளைத்தது என்று தாமே கூறும் நூல் இது. 'பொயின்ரனின் கொள்ளைப் பொருள்கள்' என்ற கதை பற்றிய முன்னுரை இவற்றுட் சுவை மிக்கது. நத்தார்க்கு முந்திய நாள் விருந்தொன்றில் அருகிருந்த பெண்மணி, வீட்டுத் தளபாடங்களுக்காகத் தாயும் மகனும் பகைத்துக்கொண்ட செய்தியைச் சொல்லத் தொடங்கினாராம். முதற் சில சொற்களிலேயே கதை கிடைத்துவிட்டது. அம்மையார் மேலும் மேலும் விவரம் கூறக்கூற, வாழ்க்கை தன் நல்ல வித்தைத் தானே பாழாக்குவதைக் கண்டு ஜேம்ஸ் உள்ளூர நொந்தாராம். படிப்போர்க்கு இது பெரியதொரு பாடமாகத் தோன்றும்: வித்து மட்டும் போதும், விவரம் கேடு.

ஆயின் 1947இல் மத்தீசனும் மேர்டொக்கும் ஜேம்ஸின் குறிப்பேடுகளைப் பதிப்பித்தபோது, 1893 திசெம்பர் 24ஆம் நாளுக்குரிய குறிப்பும் வெளிவந்தது. தந்தை இறந்தபின் பெரிய மனைக்கு உரியவனான இளைஞன், அம்மனையில் அரிய பொருள்களைச் சேர்த்துவைத்த தாய், அவளை வெளியேற்றும் வழக்கம், அதனால் விளைந்த பூசல் ஆகிய அனைத்தும் அதில் விவரமாகப் பதிவாகியுள்ளன. காதைப் பொத்திக்கொள்ள விரும்பியதாகப் பிற்காலத்திற் கூறியவர், அன்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கின்றார் போலும். ஜேம்ஸ் பொய்யுரைத்தார் என்பது இதன் பொருளன்று. பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் முதியவர் ஒருவர் தம் தொழிலை நினைந்து கூறுவது ஒன்று. தொழில் நடந்துகொண்டிருக்கையிற் கைவிட்டுப்போன சிராய்த்தூள் மற்றொன்று. எழுதக் கற்போன் முன்னுரைகளைப் படித்து வியக்கலாம். குறிப்பேடுகளைப் படித்தே தொழில் அறியலாம். அங்கே ஜேம்ஸ் தடுமாறுகின்றார், ஒரு வழியைப் பிடித்துக் கைவிடுகின்றார், பெயர்ப்பட்டியல் எழுதுகின்றார். 'தூதர்கள்' நாவலுக்கு 1900இல் ஹாப்பர் நிறுவனத்துக்கென அவர் வரைந்த, ஏறத்தாழ 20,000 சொற்கள் கொண்ட திட்டமும் அத்தொகுதியில் உண்டு. நிறுவனத்தார்க்காக அதனைப் படித்தவர், நாவலை ஏற்கவேண்டாம் என்று பரிந்துரைத்தார் என்பதும் இளம் எழுத்தாளர் அறிந்து ஆறுதலடையத்தக்க செய்தியே.

ஜேம்ஸின் நண்பரும் அவருடைய கடிதங்களை 1920இற் பதிப்பித்தவருமான பேர்சி லபொக் 1921இல் 'புனைகதைத் தொழிற்றிறன்' என்னும் நூலை வெளியிட்டார். பயிற்சி நூல்களுள் முதன்முதலாகக் கல்விப்புலத்தார் மதிப்பைப் பெற்றது இதுவெனல் தகும். படித்து முடித்த நாவல் நிழல்போல் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. சிற்பத்தைச் சுற்றிவந்து பார்ப்பது போல அதனைப் பார்க்க முடிவதில்லை. எனவே அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைப் பற்றிப் பேசுவது கடினம் என்று தொடங்கும் அவருடைய முகவுரை இன்றும் பொன்போற் போற்றத்தக்கது. அதன்பின், கதையின் ஆக்கமுறை பற்றிய சிக்கல் யாவும் நோக்குநிலை என்னும் ஒன்றினாலேயே ஆளப்படுகின்றது என்ற கொள்கையை அவர் நிறுவுகின்றார். கதைசொல்லி நிகழ்ச்சிகளுக்கு எத்தகைய உறவில் நிற்கின்றான் என்பதே அது. தூரத்தில் நின்று ஆண்டுகளை ஒருங்கு காட்டும் முறையையும், அருகிற் சென்று ஒரு மணிப்பொழுதை நாடகம்போல் நிகழ்த்தும் முறையையும் அவர் பிரித்துக் காட்டினார். தக்கரே முன்னதில் வல்லவர். பிளோபேர் இரண்டையும் கலப்பதில் வல்லவர். ஜேம்ஸின் 'தூதர்கள்' அனைத்துக்கும் மேலான நிறைவு. ரோல்ஸ்ரோயின் 'போரும் அமைதியும்' பெருங்கதையே எனினும், இளமையும் முதுமையும் மாறிவரும் கதை ஒன்று, நாடுகள் மோதும் கதை ஒன்று என இரண்டு பொருள்கள் அதில் இருப்பதை அதன் ஆசிரியர் உணர்ந்தாரல்லர் என்று லபொக் குறை காண்கின்றார்.

இவ்விடத்திலேயே அவருடைய முறையின் வலிமையும் வறுமையும் ஒருங்கே புலப்படுகின்றன. ஒரு நூலின் கட்டுக்கோப்பை இவ்வளவு பொறுமையுடன் பிரித்துக் காட்டியவர் அவர்க்கு முன் அரியர். எனினும் தம் அளவுகோலுக்கு அடங்காத நாவலைக் கண்டு, கோல் குறுகியதோ என்று அவர் ஐயுறுவதில்லை, நாவலையே ஐயுறுகின்றார். வேர்ஜினியா வுல்ஃப் அம்மையார் 1922இலேயே இதனை உணர்ந்து, வடிவம் என்று கண்ணாற் காண்பது எதுவுமில்லை, படிப்போன் உணரும் உணர்ச்சியே நூல் என்று மறுத்தெழுதினார்.

வடிவத்தின் நிறைவு பற்றிப் பேசுகையில் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் நன்று. 'தூதர்கள்' நாவலின் 1903ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பில் இரண்டு அதிகாரங்கள் முன்பின்னாக மாறி அச்சாகியிருந்தன என்று 1950இல் ஓர் ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டினார். ஜேம்ஸ் தாமே திருத்திய நியூயோர்க் பதிப்பிலும் அவ்வாறே அச்சாயிற்று. பின்னாளில் வேறோர் அறிஞர் அது பிழையன்று என வாதிட்டமையும் உண்டு. எது மெய்யாயினும், நிறைவான கட்டுக்கோப்புக்கு எடுத்துக்காட்டாக அரை நூற்றாண்டு காட்டப்பட்ட நாவலில் எது முன், எது பின் என்பதையே அறிஞர்கள் தீர்த்துரைக்க முடியவில்லை!

1927இன் இளவேனிலில் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியில் ஈ. எம். போஸ்ரர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் அவ்வாண்டிலேயே 'நாவலின் கூறுகள்' என நூலாயின. போஸ்ரர் கதை எழுதியவர். ஆகையால் விதி கூறுவோரை அவர் ஓரக்கண்ணாற் பார்க்கின்றார். ஆங்கில நாவலாசிரியர் அனைவரும் காலவேற்றுமையின்றி ஒரே வட்ட மண்டபத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு தம் ஆராய்ச்சியைத் தொடங்குகின்றார். லபொக்கின் நோக்குநிலைக் கொள்கைக்கு அவர் கூறும் மறுப்பு டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலைக் கொண்டு அமைகின்றது. அந்நாவலின் முதல் அதிகாரத்தில் ஆசிரியர் எல்லாம் அறிந்தவர். இரண்டாவதில் ஏதோ சிலவற்றை மட்டும் அறிந்தவர். மூன்றாவதில் எஸ்தர் என்னும் பெண் தன் கதையைத் தானே கூறத் தொடங்குகின்றாள். தருக்கப்படி நோக்கின் எல்லாம் துண்டு துண்டு. ஆயினும் படிப்போன் தடுக்கி விழுவதில்லை. டிக்கன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார். ஆசிரியன் தான் கூறுவதைப் படிப்போன் ஏற்கும்படி செய்கின்றானா என்பதே வினா என்று போஸ்ரர் முடிக்கின்றார்.

இந்நூலின் ஊழ் வியப்பானது. இதிலுள்ள நகைச்சுவையும் ஐயப்பாடும் மறக்கப்பட்டன. தட்டையான பாத்திரம், உருண்டையான பாத்திரம் என்ற பாகுபாடு மட்டும் உலகெங்கும் பரவித் தமிழ் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. தட்டையான பாத்திரங்களால் நாவலுக்கு ஆகும் நன்மைகளையும் போஸ்ரர் விரிவாகக் கூறியுள்ளார்; டிக்கன்ஸின் மாந்தர் ஏறக்குறைய அனைவரும் தட்டையானவர்களாக இருந்தும் மனித ஆழம் தோன்றுவது எங்ஙனம் என வியந்துமுள்ளார். தேர்வு விடைத்தாளில் 'தட்டை' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. அதுபோலவே, அரசன் இறந்தான், பின் அரசி இறந்தாள் என்பது கதை என்றும், துயரத்தால் இறந்தாள் எனின் அது கதைப்பின்னல் என்றும் அவர் கூறிய எடுத்துக்காட்டு ஒரு விளக்கமேயன்றிச் செய்முறையன்று. காரணகாரியத் தொடர்பை அமைத்துவிட்டால் நாவல் பிறந்துவிடும் எனின், பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகமும் நாவலாகும்.

லபொக்குக்குப் பின் வந்தோர் அவருடைய கொள்கையை ஒரு கட்டளையாகச் சுருக்கினர்: சொல்லாதே, காட்டு. இக்கட்டளையைப் பல்லாயிரம் மாணவர்க்கு ஓதினர். வேன் பூத் என்னும் சிக்காகோப் பேராசிரியர் 1961இல் வெளியிட்ட 'புனைகதையின் அணியியல்' இதன் வேரையே அசைத்தது. பழைய ஏற்பாட்டில் யோபுவின் கதையை அவர் முதலில் எடுக்கின்றார். யோபு உத்தமன், நேர்மையாளன் என்று கதைசொல்லி ஒரே வரியிற் கூறிவிடுகின்றார். உலகியலில் எவனையும் பற்றி அவ்வளவு உறுதியாக யாரும் கூறவியலாது. ஆயினும் படிப்போன் அதனை அப்படியே ஏற்கின்றான். ஏற்காவிடின் பின்வரும் துன்பங்களுக்குப் பொருளே இல்லை. ஈழத்துக் கூத்து மேடையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். அரிச்சந்திரன் பொய்யாதவன் என்பதை முன்னரே நம்பியிராத ஒருவன், நடிகமணி வி. வி. வைரமுத்து சுடலை காத்து நின்ற மயானகாண்டத்தைக் கண்டு கண்ணீர் விட்டிருப்பானா? அங்கே காட்டுதல் அனைத்தும் முன்னர்ச் சொல்லப்பட்ட ஒன்றின் மேல் நிற்கின்றது. ஆசிரியன் எவ்வளவு மறைந்தாலும் அவன் தெரிந்தெடுத்ததே கதை. ஆகவே அவன் முற்றாக மறைதல் இயலாது என்பது பூத்தின் முடிபு. 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று இன்று எங்கும் வழங்கும் தொடரும் அவர் தந்ததே. நூல் பெரிது, நடை பாரமானது. எழுத்தாளன் இதனை முழுதும் படிக்கவேண்டுவதில்லை. முதல் அதிகாரங்களே 'சொல்லாதே' என்ற அச்சத்தை நீக்கப் போதுமானவை.

இனி, நூலாக எழுதப்படாத நூலொன்று உண்டு. அது செக்கோவின் கடிதங்கள். 1886இல் தமையன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளி மிக்க இரவை வருணிப்பதற்கு அணைக்கட்டிலே கிடக்கும் உடைந்த போத்தற் கண்ணாடியின் மினுக்கமும் ஓடும் நாயின் கரிய நிழலும் போதும் என்று காட்டினார். 1899இற் கோர்க்கிக்கு எழுதுகையில், அடைமொழிகளை அடித்துவிடுமாறு வேண்டி, மனிதன் புல்லில் அமர்ந்தான் எனில் மனம் உடனே பற்றிக்கொள்ளும், அவனுக்கும் புல்லுக்கும் அடுக்கடுக்காய் அடைகொடுத்தால் மூளை களைத்துவிடும் என விளக்கினார். 1888இற் சுவோரினுக்கு, வினாவைத் தீர்ப்பது வேறு, வினாவைச் சரியாக எழுப்புவது வேறு, பின்னதே கலைஞனின் கடமை என எழுதினார். இவை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, அவர் எழுதிய ஒரு குறிப்பிட்ட கதையை அல்லது எழுப்பிய கேள்வியை முன்வைத்துக் கூறப்பட்டவை. கோர்க்கியிடம் அடைமொழி மிகை. ஆகவே அவருக்கு அந்த மருந்து. அடைமொழியே இல்லாமல் உலர்ந்துபோன நடையினனுக்கு அதே மருந்தைக் கொடுத்தல் வைத்தியமன்று. பொதுவிதி நூல்கள் தவறுவது இங்கேயே.

சிறுகதையை மட்டும் எடுத்துக்கொண்டவர் அயர்லாந்தின் ஃபிராங்க் ஓ'கொனர். 1963இல் வெளிவந்த அவருடைய 'தனிமைக்குரல்', நாவலின் சுருக்கமே சிறுகதை என்ற எண்ணத்தைத் தகர்க்கின்றது. சமூகத்தின் விளிம்பிலே நிற்கும், ஆழ்ந்து மறைந்துபோன மக்கட்கூட்டத்தின் குரலே சிறுகதை என்பது அவர் கொள்கை: கோகோலின் எழுதுவினைஞர், ரூர்கனேவின் பண்ணையடிமைகள், மோப்பசானின் விலைமகளிர். தீர்ப்பளிப்பதில் அவர் அவசரக்காரர். ஹெமிங்வேயிடம் உத்தி இருக்கின்றது, அதற்கேற்ற பொருள்தான் இல்லை என்பார்; கதரீன் மான்ஸ்ஃபீல்ட் அம்மையாருக்கு அவர் நீதி வழங்கவில்லை என்பது வெளிப்படை. ஆயினும் எவர் குரல் இன்னும் ஒலிக்கவில்லை என்ற கேள்வியை எழுதுவோன் நெஞ்சில் எழுப்புவதனால், உத்தி கூறும் நூல்கள் பத்தினும் இஃது ஒன்று மேல்.

அண்மைக்கால நூல்களுள், அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ஜோர்ஜ் சோன்டர்ஸ் 2021இல் வெளியிட்ட நூல் தனித்து நோக்கத்தக்கது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு கற்பித்த பாடங்களிலிருந்து அதனை எழுதினார். செக்கோவ், ரூர்கனேவ், ரோல்ஸ்ரோய், கோகோல் ஆகியோரின் ஏழு கதைகள் அதில் முழுமையாக உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் விளக்கம். முதற் கதையாகிய செக்கோவின் 'வண்டியில்' (1897) பற்றி மட்டும் வேறொரு முறையைக் கையாள்கின்றார். ஒரு பக்கம் கொடுத்து நிறுத்துகின்றார்; இதுகாறும் அறிந்தது என்ன, இனி அறிய விரும்புவது என்ன என்று கேட்கின்றார்; பின் அடுத்த பக்கம்.

கதை எளியது. மரியா வசீலியெவ்னா என்னும் கிராமத்துப் பள்ளி ஆசிரியை நகரத்திற் சம்பளம் பெற்றுக்கொண்டு வண்டியில் ஊர் திரும்புகின்றாள். இவ்வழியில் எத்தனை முறை போய்வந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. வழியில் ஹானொவ் என்ற நிலக்கிழார் எதிர்ப்படுகின்றார். அழகர், தனியர், குடியர். அவரைக் கண்டவுடன் படிப்போன் ஒரு காதற்கதையை எதிர்பார்த்துவிடுகின்றான். அவளும் ஒரு கணம் எதிர்பார்க்கின்றாள். செக்கோவ் அவரை வேறு பாதையால் அனுப்பிவிடுகின்றார். எதிர்பார்ப்பை எழுப்பி, அதன் எளிய நிறைவேற்றத்தை மறுத்து, அதனினும் மேலானதைத் தேடும் கட்டாயத்தைத் தமக்கே ஆசிரியர் விதித்துக்கொள்கின்றார் என்று சோன்டர்ஸ் விளக்குகின்றார். ஆற்றைக் கடக்கையில் நீர் புகுந்து அவளுடைய சப்பாத்தும் வாங்கிவந்த மாவும் சீனியும் நனைகின்றன. புகையிரதக் கடவையில் வண்டி நிற்க, ஓடும் இரயிலில் தன் இறந்த தாயை ஒத்த பெண்ணொருத்தியைக் காண்கின்றாள். மொஸ்கோவில் இருந்த வீடு, பியானோ, மீன்தொட்டி எல்லாம் பதின்மூன்று ஆண்டுகளின் பின் முதன்முறையாகத் தெளிவுற நினைவில் எழுகின்றன. தடைமரம் உயர்கின்றது; வண்டி நகர்கின்றது.

கடவைக்கு வருமுன் தாயைப் பற்றியும் மங்கிப்போன புகைப்படத்தைப் பற்றியும் ஆசிரியர் ஓரிரு வரிகளில் வறிதே 'சொல்லி'வைத்திருந்தார் என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்துவந்தவன் மறக்க இயலாது. அச்சொல்லுதல் இன்றேல் இரயிற் காட்சி வெறும் தற்செயல். லபொக்கும் பூத்தும் நாற்பது ஆண்டு இடைவெளியில் வழக்காடிய பொருளை இவ்வொரு கதை ஒரு பிற்பகலிற் காட்டிவிடுகின்றது. சோன்டர்ஸின் நடையிற் பகிடி சற்று மிகை. சில இடங்களில் வகுப்பறைக் கலகலப்பு நூலின் அடக்கத்தைக் கெடுக்கின்றது. கதையே முன்னிற்பதால் அக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது.

தமிழில், சிவத்தம்பி 1967இற் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றியும், கைலாசபதி 1968இல் நாவல் இலக்கியம் பற்றியும் எழுதிய நூல்கள் இவ்வடிவங்கள் எச்சமூகச் சூழலில் எழுந்தன என்பதை விளக்குபவை. எழுதுவோன் கைவினை அவற்றின் நேர்ப்பொருளன்று. சோன்டர்ஸ் முறையைக் கல்லூரி வகுப்பொன்றிற் கையாள்வதற்கு ருஷியக் கதைதான் வேண்டும் என்பதில்லை. இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' போதும். பக்கங்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்து, பாதசரம் தொலைந்தது தெரியவரும் இடத்தில் நிறுத்தி, இப்பொழுது எதனை அஞ்சுகின்றீர், அவ்வச்சத்தை முந்திய பக்கத்தில் எந்தச் சொல் விதைத்தது என்று மாணவரை வினவலாம்.